பண்ணை பீருக்குக் காட்டு ஈஸ்ட்: மணம் தூக்கலாகாமல் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

காட்டு ஈஸ்ட்டைக் குறைவாகச் சேர்த்தால் அதன் மணமும் குறைவாகத்தான் வரும் என்று வீட்டில் பீர் காய்ச்சுகிற பலர் நம்புகிறார்கள். உப்புக்கு அது சரி. ஈஸ்ட்டுக்குச் சரிவராது, ஏனென்றால் அது பெருகும். மில்லிலிட்டருக்குப் பத்தாயிரம் செல் போட்டாலும் பத்து லட்சம் போட்டாலும், தின்ன உணவு இருக்கும்வரை சில மாதங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். குறைவாகப் போட்டதற்கு நாள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் மணம் மட்டாக நிற்பதை எது தீர்மானிக்கிறது? முதல் நொதித்தலை நடத்தும் ஈஸ்ட் எதை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறது, நாம் தேர்ந்தெடுத்த காட்டு ஈஸ்ட்டின் இயல்பு என்ன, பீருக்கு எவ்வளவு காற்றும் காலமும் கிடைக்கிறது ஆகியவைதான். இவற்றில் முதலாவதைப் பலரும் யோசிப்பதே இல்லை. அதனால் இங்கே அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

காட்டு ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல் ஒரு நல்ல சேசான் பீரை, அதாவது பெல்ஜியப் பண்ணைகளில் பிறந்த பீர் வகையை, உங்களால் காய்ச்ச முடியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அது இன்னும் கைவரவில்லை என்றால் முதலில் அதைச் செய்துவிட்டு வாருங்கள். அடிப்படை பீரில் இருக்கும் குறையைக் காட்டு ஈஸ்ட் மூடி மறைக்காது. நாளாக ஆக வெளியேதான் காட்டும்.

முதல் படி: என்ன மணம் வேண்டும் என்று எழுதிவையுங்கள்

ஒரு தாளில் இரண்டு வரி போதும். மூக்கில் முதலில் என்ன வர வேண்டும், அதன் பின்னால் என்ன வர வேண்டும்? நான் கேட்கும் மென்மை இப்படிப்பட்டது: முதலில் சேசானின் மிளகு வாசமும் வைக்கோல் வாசமும் வரும். கோப்பை கொஞ்சம் வெதுவெதுப்பான பிறகு, பின்னாலிருந்து பழுத்த அன்னாசியோ ஈரத் தோலோ லேசாக எட்டிப் பார்க்கும். அதற்கு மேல் வேண்டாம்.

காட்டு ஈஸ்ட் தரும் மணங்களை வகை பிரித்துத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். 4-எத்தில் ஃபீனால் என்ற சேர்மம் குதிரை லாயத்தையும், அளவு கூடினால் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியையும் நினைவூட்டும். 4-எத்தில் குவாயகால் இன்னும் இனிமையானது. கிராம்பு, மெல்லிய புகை. எஸ்டர்கள் என்பவை பழ வாசம் தரும் சேர்மங்கள்; எத்தில் கேப்ரோயேட், எத்தில் கேப்ரிலேட் போன்றவை அன்னாசி, ஆப்பிள் பக்கம் போகும். எத்தில் அசிட்டேட் குறைந்த அளவில் பேரிக்காய் போல இருக்கும், கூடினால் நகப்பூச்சு அழிக்கும் திரவம்தான். மென்மையான பண்ணை பீருக்கு எஸ்டர்கள் முன்னாலும் குவாயகால் பின்னாலும் இருக்க வேண்டும், 4-எத்தில் ஃபீனால் சாயலோடு நின்றுவிட வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் நாக்கு வேறு சொன்னால் அதையே எழுதிவையுங்கள். ஆனால் எழுதாமல் தொடங்காதீர்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எது கிடைத்ததோ அதைத்தான் விரும்பினோம் என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்வோம்.

இரண்டாம் படி: குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பீர் காய்ச்சுபவர்கள் காட்டு ஈஸ்ட் என்றால் பெரும்பாலும் பிரெட்டனோமைசிஸைத்தான் நினைக்கிறார்கள், சுருக்கமாக பிரெட். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த நீல்ஸ் ஹெல்டே கிளாசன் 1904-இல் இதை அறிமுகப்படுத்தினார். பீப்பாயில் நாள்பட வைத்த ஆங்கிலேய பீரின் தனி மணத்துக்கு இதுதான் காரணம் என்று அவர் காட்டினார்.

கடையில் விற்கும் பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கிளாசனி என்ற பெயரில் விற்பதை இன்று பிரெட்டனோமைசிஸ் அனோமாலஸ் என்ற இனத்தில் சேர்க்கிறார்கள். லாம்பிகஸ் என்று பெயர் ஒட்டியிருப்பது புருக்செலன்சிஸ் இனமேதான். ஆகவே இனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஒரே இனத்துக்குள் இரண்டு ரகங்கள் எதிரெதிராக நடந்துகொள்வது சாதாரணம். ஒயிட் லேப்ஸ் நிறுவனம் 644 என்ற எண்ணில் பிரெட் என்று விற்ற ஈஸ்ட்டே மரபணுச் சோதனையில் சாக்கரோமைசிஸ், அதாவது சாதாரண பீர் ஈஸ்ட்டின் குடும்பம், என்று தெரியவந்தது. அதை பிரெட் என்று நம்பிப் பல ஆண்டுகள் பீர் காய்ச்சியிருந்தவர்கள் நிறைய பேர்.

வாங்கக் கிடைப்பவற்றில் மென்மைக்கு நான் முதலில் கை நீட்டுவது ஒயிட் லேப்ஸ் 645, அதாவது கிளாசனி. சுவையைவிட வாசத்தில்தான் அதிகம் தெரியும், அன்னாசிப் பக்கம் சாயும். 650 புருக்செலன்சிஸ் நடுத்தரம். தோல் வாசமும் வைக்கோல் வாசமும் உண்டு. 653 லாம்பிகஸ் குதிரை, புகை, காரம் என்று உரக்கப் பேசும். மென்மையை நாடுபவர்கள் அதை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம்.

பிரெட் அல்லாத காட்டு ஈஸ்ட்டுகளும் இருக்கின்றன. மென்மை வேண்டும் என்போர் இவற்றைப் பொருட்படுத்தாமல் போவது எனக்கு வருத்தம்தான். டோருலாஸ்போரா டெல்புரூக்கி மெல்லிய பழ வாசம் தரும்; பல ரகங்கள் மால்ட்டோஸ் சர்க்கரையைச் சரியாகத் தின்னாது. பிச்சியா குளுவேரி எஸ்டர்களை அள்ளித் தரும், ஆனால் நொதித்தலை முடிக்காது. லாச்சான்சியா இனங்கள் லாக்டிக் அமிலம் உண்டாக்குவதால் பாக்டீரியா இல்லாமலே புளிப்பு வரும். லாலிமண்ட் நிறுவனத்தின் ஃபில்லி சவர் இந்த வகை. இவற்றைச் சேசான் ஈஸ்ட்டுக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் போட்டால், தங்கள் வாசத்தை விட்டுவிட்டு, சேசான் ஈஸ்ட்டின் கை ஓங்கியதும் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். பிரெட் போல மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்காது என்பதால், மணத்தை ஓர் இடத்தில் நிறுத்துவது எளிது.

நார்வேயின் க்வேக் ஈஸ்ட்டையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது தலைமுறை தலைமுறையாக மனிதர் வளர்த்துப் பழக்கியது. காட்டு ஈஸ்ட் ஆகாது. ஆனாலும் அடுத்த படியில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

மூன்றாம் படி: ஜோடி சேருங்கள்

பார்லியிலும் கோதுமையிலும் ஃபெருலிக் அமிலம் இருக்கிறது. பெரும்பாலான சேசான் ஈஸ்ட்டுகள் அதை 4-வினைல் குவாயகாலாக மாற்றும். சேசானின் கிராம்பு, மிளகுச் சாயலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரெட் வந்து அந்த வினைல் சேர்மத்தை எத்தில் சேர்மமாக மாற்றுகிறது. கூமாரிக் அமிலமும் இதே பாதையில் போய் 4-எத்தில் ஃபீனாலாக முடியும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த மாற்றத்துக்கு மிச்சச் சர்க்கரை அதிகம் தேவையில்லை. சர்க்கரை தீர்ந்து பீர் எவ்வளவு வறண்டிருந்தாலும் முதல் ஈஸ்ட் செய்துவைத்த கிராம்பு வாசத்தை பிரெட் தொழுவ வாசமாக மாற்றிவிட முடியும். கிராம்பு வாசம் தூக்கலாக இருக்கும் சேசானோடு வலுவான புருக்செலன்சிஸைச் சேர்ப்பவர்கள், எவ்வளவு குறைவாகச் சேர்த்தாலும் ஏமாறுவது இதனால்தான்.

ஆகவே முதல் ஈஸ்ட்டின் ஃபீனால் அளவைப் பாருங்கள். ஃபீனால் மிதமாகத் தரும் சேசான் ரகத்தை எடுத்துக்கொள்வது ஒரு வழி. இன்னொன்று, க்வேக் போல ஃபீனாலே உண்டாக்காத ஈஸ்ட்டை முதல் நொதித்தலுக்கு வைத்து, அந்த மணங்களை பிரெட் கையிலேயே விட்டுவிடுவது. பிரெட் தானாகவே ஃபெருலிக் அமிலத்தை உடைக்கக்கூடியது, எனவே தொழுவ வாசம் முழுக்க இல்லாமல் போகாது. ஆனால் தயாராகக் கிடைக்கும் மூலப்பொருள் இல்லாததால் மெதுவாக வரும். பழ எஸ்டர்களுக்கு முன்னால் நிற்க இடம் கிடைக்கும்.

மால்ட்டை, அதாவது முளைகட்டிய தானியத்தை, ஊறவைக்கும்போதும் இதை மனதில் வையுங்கள். 43 முதல் 45 டிகிரி செல்சியஸில் சிறிது நேரம் நிறுத்தினால் ஃபெருலிக் அமிலம் கூடுதலாக வெளிவரும். கோதுமை பீருக்காக அதைச் செய்பவர்கள் உண்டு. நாம் செய்ய வேண்டாம். நேராக 65 டிகிரிக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது மிச்ச உணவு. டெக்ஸ்ட்ரின்கள் என்ற நீண்ட சங்கிலிச் சர்க்கரைகளைச் சாதாரண ஈஸ்ட் தொடாது; பிரெட் அவற்றை மாதக்கணக்கில் மென்று தின்னும். உணவு மிச்சமிருக்கும்வரை பெருகும், பெருகும்வரை மணம் சேர்ந்துகொண்டே போகும். டயாஸ்டேட்டிகஸ் வகைச் சேசான் ஈஸ்ட்டுகள், உதாரணமாக வையீஸ்ட் 3711, லாலிமண்ட் பெல் சேசான் ஆகியவை, டெக்ஸ்ட்ரின்களைத் தாங்களே உடைத்து, கிராவிட்டியை (தண்ணீரை 1.000 என்று வைத்து அளக்கும் அடர்த்தி; சர்க்கரை தீரத் தீர இறங்கும்) 1.002, 1.004 வரை இறக்கிவிடும். அதன் பிறகு வரும் பிரெட்டுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆக, மென்மைக்கு நான் பரிந்துரைக்கும் ஜோடி, பீரை நன்றாக வறளவிடும் சேசான் ஈஸ்ட்டும் கிளாசனியும். பீர் வாயில் நீர்த்துப்போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். 3711 கிளிசரால் நன்றாகத் தருவதால், எண் சொல்வதைவிட வாயில் வழுவழுப்பு தெரியும்.

பெல்ஜியத்தின் டூப்போன் காய்ச்சகத்தோடு தொடர்புள்ள சேசான் ரகங்கள் இதற்கு நேரெதிர் சிக்கலைத் தரும். 1.030 பக்கம் வந்து அப்படியே படுத்துவிடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. அந்த நேரத்தில் பொறுமை இழந்து பிரெட்டைப் போட்டால், மிச்ச உணவு மொத்தமும் அதற்குப் போய்விடும். மென்மைக்கு அங்கேயே வழி அடைபட்டுவிடும். 30 டிகிரிக்கு மேல் சூடேற்றி, முதல் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும்வரை காத்திருங்கள்.

நான்காம் படி: ஒரே பீரைப் பிரித்துச் சோதியுங்கள்

தொடக்கக் கிராவிட்டி 1.048, கசப்பு 25 ஐ.பி.யு. (பீரின் கசப்பை அளக்கும் அலகு) அளவில் ஒரு எளிய சேசானை 20 லிட்டர் காய்ச்சி, முதல் நொதித்தல் முழுக்க முடிந்ததும் 4 லிட்டர் கண்ணாடிக் குடுவைகளில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எதுவும் சேர்க்க வேண்டாம். அது இல்லாமல் மற்றவற்றை எதோடு ஒப்பிடுவீர்கள்? மீதியில் ஆளுக்கொரு ரகம். குடுவையைக் கழுத்துவரை நிரப்புங்கள். சிறிய கலனில் பீரின் அளவோடு ஒப்பிட்டால் காற்றின் பங்கு அதிகம். பிரெட்டுக்குக் காற்று கிடைத்தால் அசிட்டிக் அமிலம் கூடும். காற்றில்லாத இடத்தில் பிரெட்டின் நொதித்தல் தடுமாறும், ஆக்சிஜன் பட்டால் முடுக்கம் பெறும் என்பதை நெதர்லாந்தின் டெல்ஃப்டில் கஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1940-இல் விவரித்தார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். எனவே மாதிரி எடுக்கிறேன் என்று வாராவாரம் திறக்காதீர்கள். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம்: இந்த மூன்று முறை போதும்.

ருசி பார்ப்பதற்கு முக்கோணச் சோதனையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மூன்று கோப்பைகள்; இரண்டில் ஒன்றும் சேர்க்காத பீர், ஒன்றில் சோதனை பீர், அல்லது மாற்றி. எது எதில் என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்து, வேறுபட்டது எது என்று கேளுங்கள். குருட்டுப் போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக அமையும் என்பதால், சிலரிடம் சில முறை கேட்க வேண்டும். பலரால் கண்டுபிடிக்கவே முடியவில்லையா? அந்த ரகம் இந்தப் பீரில் வேலை செய்யவில்லை. மூக்கருகே கொண்டுபோனதுமே எல்லோரும் சொல்லிவிட்டார்களா? தூக்கலாகிவிட்டது. இரண்டு மூன்று வாய் குடித்து, யோசித்து, சரியான கோப்பையைக் காட்டி, ஆனால் என்ன வேறுபாடு என்று சொல்லத் திணறுகிறார்களே, அந்த ரகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விழுங்கிய சில நொடிகள் கழித்து நாக்கின் பின்புறம் எலிக் கூண்டு போலவோ பழைய பிஸ்கட் போலவோ ஒரு சுவை எழுந்தால் அது டி.எச்.பி. என்ற சேர்மம். பீரில் அமிலம் அதிகம் என்பதால் முகரும்போது தெரியாது. உமிழ்நீர் கலந்த பிறகுதான் வெளிப்படும். சிலருக்கு அது உறைப்பதே இல்லை. பாட்டிலில் அடைத்த புதிதில் வந்து, பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கிவிடும். அதைப் பார்த்து ஒரு நல்ல ரகத்தைக் கழித்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: எப்போது சேர்ப்பது

பிரெட்டை மட்டுமே போட்டு, நிறைய செல்களோடு முதல் நொதித்தலை நடத்தினால் பழ வாசம் தூக்கலாக, தொழுவ வாசம் குறைவாகச் சுத்தமான பீர் வரும். இது பலருக்கு ஆச்சரியம். ஆனால் சேசானின் மிளகுச் சாயல் அதில் இருக்காது; வாயில் தண்ணீர் போல மெலிவாகவும் தோன்றலாம்.

முதல் நொதித்தலுக்குப் பிறகு சேர்ப்பதுதான் நம் காரியத்துக்குச் சரி. கிராவிட்டி ஒரு வாரம் அசையாமல் நின்றதும், மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 லட்சம் செல் என்ற கணக்கில் ஆரோக்கியமான ஈஸ்ட்டைப் போடுங்கள். அளவைக் குறைத்துக் கஞ்சத்தனம் செய்வதால் மென்மை வராது என்று தொடக்கத்திலேயே சொன்னேன். நன்றாகப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், அடுத்த முறையும் அதே முடிவு வரும். 18 முதல் 21 டிகிரியில் மூன்று மாதம் கை வைக்காமல் விடுங்கள்.

பாட்டிலில் அடைக்கும்போது சேர்ப்பது மூன்றாவது வழி. பெல்ஜியத்தின் ஓர்வால் மடத்து பீர் இதற்குப் பேர்போனது. புதிதாகத் திறந்தால், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசம் முன்னே நிற்கும். மாதங்கள் போகப் போக பிரெட் தலைதூக்கும். வெவ்வேறு வயதில் சில பாட்டில்களை அருகருகே வைத்துக் குடித்துப் பார்ப்பது, எந்தக் கட்டத்தில் உங்களுக்கு மென்மை முடிந்து தூக்கல் தொடங்குகிறது என்று அறிய மிக நல்ல பயிற்சி.

ஆனால் பாட்டிலில் சேர்ப்பதில் ஆபத்து இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டே செய்ய வேண்டும். கிராவிட்டி 0.001 இறங்கினால் பீரின் கன அளவில் தோராயமாக அரை மடங்கு கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். 1.006-இல் அடைத்த பீரை பிரெட் 1.001-க்கு இறக்கினால் இரண்டரை மடங்கு. ஏற்கெனவே கரைந்திருப்பது முக்கால் மடங்கு. அதோடு வழக்கம்போல லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரையும் போட்டிருந்தால் இன்னும் இரண்டு மடங்கு. மொத்தம் ஐந்தைத் தாண்டிவிட்டது. சாதாரண பீர் பாட்டில் இதைத் தாங்காது, வெடிக்கும். எனவே 1.002-க்கு மேல் நிற்கும் பீரில் பிரெட்டைப் போட்டு அடைக்க வேண்டும் என்றால், பிரெட் இறக்கப்போகும் அளவைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் சர்க்கரை போடுங்கள். தடித்த ஷாம்பெயின் வகைப் பாட்டில் தவிர வேறு எதையும் பயன்படுத்தாதீர்கள்.

கெக்கில் (அழுத்தம் தாங்கும் எஃகுப் பீப்பாயில்) ஊற்றிச் சீக்கிரம் குடித்து முடிப்பதாக இருந்தால் இன்னொரு எளிய வழி உண்டு. பிரெட் மணம் முற்றிய ஒரு பீரைத் தனியாக வைத்துக்கொண்டு, சுத்தமான சேசானோடு நூற்றுக்கு 5, 10, 20 பங்கு என்று கோப்பையில் கலந்து பாருங்கள். பிடித்த விகிதத்தில் கலந்து 2 முதல் 4 டிகிரிக் குளிரில் வைத்தால் ஈஸ்ட் ஏறக்குறைய உறங்கிவிடும். குறைவாகச் சேர்த்தால் குறைவாக மணக்கும் என்பது இங்கே மட்டும் உண்மை.

ஆறாம் படி: நீங்களே பிடிக்க விரும்பினால்

மலர், பழத்தோல், மரப்பட்டை எல்லாவற்றிலும் ஈஸ்ட் உண்டு. ஆனால் பிடிபடுபவற்றில் பெரும்பாலானவை பீருக்கு உதவாது. நூறு மில்லிலிட்டர் குடுவைகள் பத்துப் பதினைந்து வைத்து, ஒன்றிரண்டு தேறினால் நல்லது என்ற மனநிலையோடு இறங்குங்கள்.

1.030 கிராவிட்டியில் மால்ட் சாறு காய்ச்சி, 10 ஐ.பி.யு. அளவுக்கு ஹாப்ஸ் சேர்த்து, ஆறியதும் லாக்டிக் அமிலம் விட்டு பி.ஹெச். அளவை 4.5-க்குக் கீழே கொண்டுவாருங்கள். ஹாப்ஸ், புளிப்பேற்றும் பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸைத் தடுக்கும். அமிலம் குடல்வாழ் பாக்டீரியாக்களையும், நச்சு உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியத்தையும் தடுக்கும். அமிலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பூவையோ தோலையோ போட்டு, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி) மாட்டி, ஒரு மாதம் வையுங்கள். நிறமுள்ள பூஞ்சணம் படர்ந்த குடுவையை அப்படியே கொட்டிவிடுங்கள். மேலே வழித்து எடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். மீதியை முகருங்கள். கிராவிட்டி நன்றாக இறங்கி, பி.ஹெச். 4.5-க்குக் கீழேயே இருந்து, வாசமும் நன்றாக இருந்தால் மட்டுமே ஒரு துளி ருசிக்கலாம்.

தேறியவற்றை அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்மம்) உறைந்த தட்டில் கோடிழுத்துப் பிரிக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் மால்ட் சாற்றுக்கு 2 கிராம் அகார் சேர்த்து, பிரஷர் குக்கரில் 15 நிமிடம் வைத்து, தட்டில் ஊற்றி உறையவிடுங்கள். சாக்கரோமைசிஸ் இரண்டு மூன்று நாளில் புள்ளிகளாகத் தெரியும். பிரெட் ஒரு வாரம்வரை எடுத்துக்கொள்ளும். தனித்தனிப் புள்ளிகளைச் சிறு குடுவைகளில் வளர்த்து, 1.030-இலிருந்து எவ்வளவு இறக்குகிறது என்று பாருங்கள். 1.025-லேயே நின்றுவிடுபவை மால்ட்டோஸைத் தின்னாதவை. வாசம் நன்றாக இருந்தால் அவற்றைத் தூக்கி எறியாமல், இரண்டாம் படியில் சொன்னபடி சேசானுக்கு முன்னோடியாக வைத்துக்கொள்ளலாம். 1.010-க்குக் கீழே போகிறவற்றை நான்காம் படியின் சோதனைக்கு அனுப்புங்கள்.

தேர்ந்தெடுத்த ரகத்தைக் காப்பது

பிரெட் தொட்ட ரப்பர் குழாய், பிளாஸ்டிக் வாளி, குழாய்முனை எல்லாவற்றையும் தனியாக ஒதுக்கிவிடுங்கள். கண்ணாடியையும் எஃகையும் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கிருமிநீக்கம் செய்தால் பொதுவில் பயன்படுத்தலாம். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கை நம்ப முடியாது.

ரகத்தைச் சேமிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிரெட் தான் உண்டாக்கும் அசிட்டிக் அமிலத்திலேயே நாளடைவில் செத்துப்போகும். சேமிப்பு அகாரில் கொஞ்சம் கால்சியம் கார்பனேட் கலந்தால் அமிலம் முறிந்து, குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குப்பியின் மேல் ரகத்தின் பெயர், தேதி, எந்த முதல் ஈஸ்ட்டோடு ஜோடி சேர்ந்தபோது பிடித்திருந்தது என்ற மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை வேறு சேசான் ஈஸ்ட்டோடு சேர்க்க நினைத்தால், முதலில் நான்கு லிட்டரில் மட்டும் செய்து பாருங்கள்.